காற்றையும் சேர்த்து அளந்தார்கள்

"இழுண்ணே, சீக்கிரம் இழு. பூசை முடியப்போகுது."

என் தம்பி ஆல்வின் மேலே சாரப் பலகையில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். நான் கீழே நின்று சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி வெயில் அடிக்கக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. கர்ச்சீப்பை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் சார், ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள். என்னைக் கேட்டால் ஆரம்பம் அதுதான். ஆனால் அந்தப் போர்டு ஏன் ஏறியது, அதை ஏற்றப் போனவர்கள் இரண்டு பேர், ஏற்றி முடித்தவன் ஏன் ஒருவன் என்பதெல்லாம் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், கடை போர்டை எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். சிரிக்காதீர்கள். அது தெரியாமல்தான் நானும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன்.

நத்தம் ரோட்டில் எங்கள் கடை. அப்பா காலத்தில் ஒரே கடையாக இருந்தது. தண்ணீர் மோட்டார் விற்பது, பழுது பார்ப்பது இரண்டும் நடந்தது. அப்பா போன பிறகு நடுவில் ஒரு செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். கிழக்குப் பாதி எனக்கு. எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுவேன். மேற்குப் பாதி ஆல்வினுக்கு. புது மோட்டார் விற்பான். சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். சுவர் எழுப்பிய அன்றைக்குக் கொத்தனாருக்குச் சாப்பாடு அவன் வீட்டிலிருந்துதான் வந்தது. எனக்கும் சேர்த்து.

கடை வாசலுக்கு மேலே, இரண்டு பாதிக்கும் பொதுவாக, ஓர் இரும்பு உத்தரம் போகிறது. லாரியில் வருகிற மோட்டாரை அதில் சங்கிலிக் கப்பி மாட்டித்தான் இறக்குவோம். அந்த உத்தரத்திலேயே இரண்டு பேர் போர்டும் தொங்கியது. என்னுடையது தகரத்தில் பெயின்ட் அடித்தது. 'பிராங்க்ளின் மோட்டார் ஒர்க்ஸ்.' அவனுடையது உள்ளே விளக்கு எரிகிற ரகம். 'ஆல்வின் பம்ப்ஸ்.' ராத்திரி அதன் வெளிச்சத்தில் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் சில்லறை எண்ணுவார். அவ்வளவு பெரிது.

பெரிதாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. கன்னிவாடிப் பெருமாள்சாமி வருகிற வரைக்கும் இல்லை.

பெருமாள்சாமி எங்கள் அப்பா காலத்து வாடிக்கை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் மோட்டார் எரிந்தால் நான்தான் கட்டுவேன். போன மாதம் ஓர் எரிந்த மோட்டாரை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தவர், நேராக ஆல்வின் வாசலில் போய் இறங்கினார். நான் என் வாசலில்தான் நின்றிருந்தேன்.

"ஏப்பா பிராங்க்ளின், நீ இங்கனதான் இருக்கியா? கடைய மூடிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"எங்க போகப்போறேன். இங்கனதான இருக்கேன்."

"போர்டு கண்ணுக்குத் தெரியலயேப்பா. தம்பி போர்டுக்குப் பக்கத்துல ஒன் போர்டு, கல்யாண மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கிற தோழன் மாதிரில்ல இருக்கு. அம்புட்டுச் சனத்துல தோழன யாரு பாக்கா?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டோ டிரைவர் சிரித்தான். ஆல்வினும் சிரித்தான். சிரித்துவிட்டு, "மாமா, மோட்டார அண்ணன்ட்ட எறக்குங்க. காயில் கட்ட அவரு மாதிரி ஆளு இந்த ஜில்லாவுல கெடையாது" என்று என் பக்கம் அனுப்பி வைத்தான்.

கவனியுங்கள் சார். என்னிடம் வந்த ஆளை எனக்கே அனுப்பி வைத்தான்.

அடுத்த நாள் மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். ஆல்வின் பம்ப்ஸ் போர்டு அளவுக்கு மீறி இருக்கிறது, காற்றடித்தால் ரோட்டில் போகிறவர்கள் தலையில் விழும், வந்து அளந்து பாருங்கள் என்று புகார் சொன்னேன். பெயரை மறைக்கவில்லை. என் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். ஒளிந்து செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பானுப்ரியா என்று ஒரு அம்மா வந்தார். சின்ன வயது. கையில் டேப். என் மனதில் என்ன இருந்தது என்றால், தம்பி போர்டை மட்டும் அளப்பார், பெரிது என்பார், சின்னதாக்கச் சொல்வார், முடிந்தது. ஆனால் அவர் டேப்பின் ஒரு முனையை என் தகரப் போர்டின் கிழக்கு ஓரத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டே போய் ஆல்வின் போர்டின் மேற்கு ஓரத்தில் நிறுத்தினார்.

"மேடம், ரெண்டும் வேற வேற போர்டு" என்றேன்.

"ஒரே கட்டடம், ஒரே உத்தரம். ரெண்டும் சேந்து ஒரே போர்டுதாண்ணே."

"நடுவுல அம்புட்டு எடம் சும்மா கெடக்கே. எழுத்தே இல்ல. வெறும் காத்து."

"காத்தையும் சேத்துத்தான் அளப்போம்."

ஆல்வின் சிரித்தான். "அண்ணே, காத்துக்கும் நம்மதான் பொறுப்பாம்."

அந்த அம்மா பொறுமையான ஆள். ஒரு மோட்டார் அட்டைப் பெட்டியில் பேனாவால் படம் போட்டே காட்டினார். எழுத்தும் படமும் இடது பக்கம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து, வலது பக்கம் எங்கே முடிகிறதோ அதுவரை. மேலே எது உயரமோ அதுவரை. கீழே எது தாழ்வோ அதுவரை. எல்லாவற்றையும் சுற்றி ஒரே கட்டம். தாங்குகிற காலும் கம்பியும் கணக்கில் வராது. கட்டத்துக்குள் அகப்பட்டது எல்லாம் கணக்கில் வரும். "எழுத்த மட்டும் அளந்தோம்னா, ஆளாளுக்கு எழுத்த வெட்டித் தனித்தனியா மாட்டி வானத்தையே அடைச்சிருவீங்கள்ல?" என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஆல்வின் போர்டு உயரம் என்பதால் கட்டத்தின் உயரமும் அவனுடையதுதான். என் சின்னத் தகரத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல் கிடந்த ஆகாயமும் எங்கள் அளவில் ஏறியிருந்தது. நான் வைத்திருந்ததைவிட நான் வைத்திருக்காத இடம் அதிகம். அதற்கும் அவன்தான் காரணம்.

கடை முகப்பு ரோட்டில் எவ்வளவு அகலமோ அதை வைத்துத்தான் போர்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்கிற கணக்கு. எங்கள் முகப்புக்கு அந்தக் கட்டம் மிகப் பெரிது.

"ரெண்டுல ஒன்ன எடுத்துட்டீங்கன்னா மத்தது அளவுக்குள்ள வந்துரும். எத எடுக்குறதுன்னு அண்ணன் தம்பி பேசிக்கங்க. அடுத்த திங்கக்கெழம வந்து பாப்பேன். அப்பயும் ரெண்டும் இருந்துச்சுன்னா ரெண்டையும் கழட்டிருவோம்" என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "புகார் குடுத்ததே நீங்கதானண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?"

ஆல்வின் பக்கத்தில்தான் நின்றான்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். செத்த நேரம்தான். அப்புறம், "டீ சாப்ட்டுட்டுப் போங்க மேடம்" என்று சொல்லி ரோட்டைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தபோது கையில் மூன்று கிளாஸ் இருந்தது. ஒன்று எனக்கு.

சார், அவன் என் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஏண்ணே இப்படிச் செஞ்ச என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு மாதம் பேசாமல் இருந்திருப்போம், கிறிஸ்துமசுக்குச் சரியாகியிருக்கும். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். நான் அதைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவன் போர்டைப் பற்றிப் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமை நான் காயில் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து, என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றான்.

"அண்ணே, புதுசா ஒரு போர்டு சொல்லிருக்கேன். ஞாயித்துக்கெழம ஏத்திருவோம். பழசு ரெண்டையும் எறக்கிருவோம்."

"என்ன எழுதிருக்க?"

"ஏத்தும்போது பாரு."

"ரெண்டு பேரு பேரும் போட்டியா?"

"ரெண்டும் போட்டா எழுத்து சின்னதாப் போகும்ணே. கன்னிவாடி மாமாவுக்குக் கண்ணு தெரியாது." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று இரவு சாப்பாட்டில் என் மனைவி சகாயசெல்வியும் அதே பேச்சை எடுத்தாள். "ஒங்க தம்பி போர்டு செஞ்சாச்சாம்ல. என்னா எழுதிருக்குன்னு நான்சிட்டக் கேட்டா, சொல்ல மாட்டேங்கிறா. சிரிக்கிறா. ஒங்களுக்கும் ஒரு மூலையில எடம் குடுத்துருப்பாரு, கவலப்படாதீங்க" என்றாள். நான்சி, ஆல்வின் மனைவி. சகாயசெல்வி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் வெஞ்சனம் வைக்கும்போது அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டே வைப்பாள். அவளை இதில் இழுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பெண்களும் பிள்ளைகளும் சர்ச்சில் பூசைக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. ஞாயிறு காலையில் மோட்டார் கடைத் தெருவில் ஓர் ஆள் இருக்க மாட்டான். டீக்கடையும் சாத்தியிருந்தது. பழைய போர்டுகளைக் கழற்றி இறக்கினோம். முதலில் அவனுடையது, பிறகு என்னுடையது. என் தகரத்தை அவன் துணியால் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். புதுப் போர்டு இரும்புச் சட்டம் போட்டது, நல்ல கனம். வெள்ளைத் துணி சுற்றித் தைத்திருந்தான். துணியோடேயே ஏற்றிவிட்டு, பூசை முடிந்து எல்லோரும் வந்ததும் பிரிக்க வேண்டும் என்றான். அவசரம் அதற்குத்தான்.

சங்கிலிக் கப்பியில் ஒரு நல்ல குணம் உண்டு. பிள்ளைகள் இழுத்தாலும் அரை டன் ஏறும். கையை விட்டால் இறங்காது, விட்ட இடத்திலேயே நிற்கும். அதனால் கை தவறிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

போர்வெல்லில் மோட்டார் இறக்கும்போது வண்டிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. குழாயில் ஸ்பேனரால் தட்டித்தான் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் தூக்கு. அப்பா பழக்கியது. ஈ காக்கை இல்லாத அந்தத் தெருவிலும் ஆல்வின் வாயால் ஒரு பக்கம் அவசரப்படுத்திக்கொண்டு, ஸ்பேனரால் உத்தரத்தில் தட்டவும் செய்தான். இரண்டு தட்டு. நான் இழுத்தேன். இரண்டு தட்டு. இழுத்தேன். போர்டு உத்தரத்தை நெருங்கியது. போல்ட் ஓட்டை நேராக இருக்கிறதா என்று பார்க்க, போர்டின் மேல்சட்டத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இடது கையை நுழைத்துத் தடவினான். ஒரு தட்டு தட்டினான்.

நான் இழுத்தேன்.

எலும்பு முறிவது பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மோட்டாரில் இறுகிப்போன பேரிங்கைக் கழற்றும்போது ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான் வந்தது.

"அண்ணே, கை. கை மாட்டிக்கிச்சு." வலது கையால் மறுபடியும் தட்டினான். ஒரே தட்டு. நான் கவனிக்கவில்லை என்று அப்போதும் நினைத்தான். நான் இன்னும் இழுத்தேன். சட்டத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, வெள்ளைத் துணியின் மேல் பக்கம் சிவப்பாக ஊறியது. ஸ்பேனர் அவன் கையிலிருந்து நழுவி என் காலடியில் விழுந்தது. அதற்கப்புறம் அவன் தட்டவில்லை, கூப்பிடவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சங்கிலியை மறுபக்கம் இழுத்துப் போர்டை இறக்கினேன். பிடி விட்டதும் கை துணித் துண்டு மாதிரி தொங்கியது. பலகையில் அவனுக்குக் கால் நிற்கவில்லை. வாசலில் பழைய மோட்டார் கூடுகளை அடுக்கி வைத்திருப்போம். அவற்றின் மேல் முதுகு பட விழுந்தான்.

உயிர் இருந்தது. கால்கள் அசையவில்லை. "அண்ணே, நான்சிக்குப் போன் போடு" என்றான். தண்ணீர் கேட்பது போல மெதுவாகத்தான் சொன்னான்.

பழைய போர்டுகள் தொங்கிய குழாய்களைக் கழற்ற எடுத்த பைப் ரிஞ்ச் சுவரோரம் கிடந்தது. அவனை அடிப்பதற்காக நான் அதை எடுத்து வைக்கவில்லை. இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. வலது கையைத் தூக்கித் தடுத்தான். அந்தக் கையில் அடித்தேன். தடுக்காமல் போன பிறகு முகத்தில் அடித்தேன். ஏன் முகத்தில் என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அவன் கண் திறந்திருந்தது. மூடியிருந்தால் முகத்தைத் தொட்டிருக்க மாட்டேன். அசைவு நின்ற பிறகும் அடித்திருக்கிறது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். அது சரிதான். எதையும் அரைகுறையாக விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பிறகு கடைக்குள் போய், மரத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீஸ் போக அப்படித்தான் கழுவுவோம். ரத்தம் கிரீசைவிடச் சீக்கிரம் போகிறது. வாசலில் இருந்ததை நான் மூடவில்லை. தார்ப்பாய் தேடினேன், கிடைக்கவில்லை.

ஓடியிருக்கலாமே என்கிறீர்கள். எதற்கு ஓட வேண்டும்? போர்டு பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. தனி ஆளாக மேலே ஏறுவதும், கீழே இறங்கிச் சங்கிலி இழுப்பதுமாக அதை ஏற்றினேன். நேரம் பிடித்தது. போல்ட் எல்லாவற்றையும் முறுக்கினேன். துணியைப் பிரித்து, ரத்தம் படாத பக்கத்தால் போர்டை ஒரு தடவை துடைத்தேன். இறங்கி வந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தபோது ஆட்டோ வந்தது.

நான்சிதான் முதலில் இறங்கினாள். இறங்கினவள் முதலில் மேலேதான் பார்த்தாள். போர்டைப் படித்தாள். என்னைப் பார்த்து, "புடிச்சிருக்கா மாமா?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தாள்.

நேற்று ஏட்டையாவிடம் நான் ஒன்று சொன்னேன். துணிக்குள் தம்பி பெயர் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன், என்னை அடியோடு இல்லாமல் ஆக்கப் பார்க்கிறான் என்கிற ஆத்திரத்தில் அடித்துவிட்டேன், பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டுவிட்டு எனக்காகப் பாவப்பட்டார். அது பொய் சார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கொடைரோட்டில் ஒரு மோட்டாரைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தான். அவன் கடைக்குள் போய், துணியில் ஒரு மூலைத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். கைவிளக்கு அடித்து முழுதும் பார்த்தேன். பார்த்துவிட்டு, காயில் கட்டுகிற நூலாலேயே மறுபடி தைத்து வைத்தேன்.

'பிராங்க்ளின் மோட்டார்ஸ்' என்று இருந்தது. என் பெயர் மட்டும்தான். அவன் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. அளவுக்குள் எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தான். கன்னிவாடிக்காரருக்கும் தெரிகிற மாதிரி.

அதைத் தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை சங்கிலியைப் பிடித்தேன். அவன் ஏற்றிக் கொடுத்திருந்தால், அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவனும் அண்ணாந்து பார்த்து, தம்பி விட்டுக்கொடுத்தது என்றுதான் படித்திருப்பான். இப்போது அப்படிப் படிக்க முடியாது. நானே இழுத்தேன், நானே மாட்டினேன், நானே முறுக்கினேன். அந்தப் போர்டு எனக்கு யாரும் கொடுத்தது இல்லை சார்.